மாமன் மடியும் பதினெட்டு இஞ்ச் சக்கரமும்

புத்தி தெளிவாக இருக்கிற எவனும் உத்திரமேரூர் பக்கம் குடியிருந்துகொண்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க மாட்டான். நான் வாங்கினேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் இரண்டு மாதம் சிரித்துவிட்டு மறந்திருக்கும். நான் அதற்குச் சக்கரமும் மாற்றினேன்.

எங்கள் ஊர் மாகறலுக்குப் பக்கத்தில். சென்னையில் ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் விற்ற கார் அது. மஞ்சள் நிறம், இரண்டே கதவு. பின்னால் ஒரு சீட் உண்டு என்று சொல்லித்தான் விற்றார். (உண்டுதான். அதில் உட்காருகிறவர் காலை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.) முதல் நாள் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது எதிர்வீட்டு அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா கொமரேசா, மேல எதுனா வுழுந்துட்ச்சா? இம்மாந் தட்டையா கீது?" என்று அக்கறையாக விசாரித்தார். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றால் ஜன்னலோரப் பயணிகள் என் தலைக்கு மேலே இருந்தபடி என்னை வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணம் ஆகாத வயது, கேட்க ஆளில்லை.

ஒரகடம் பக்கம் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. தையல் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் சீட்டைத் திருப்பி அனுப்புகிற ஆள் நான். அந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து, தோசை ஒரு பக்கம் நீண்டிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக் கரண்டியால் வாங்கிக்கட்டிக்கொண்டவன். அப்படிப்பட்டவனுக்கு அந்தக் காரின் சக்கரங்கள் கண்ணை உறுத்தின. சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்திருக்கிற தகரத்துக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. இன்டர்நெட்டில் நான் பார்த்த கார்களிலெல்லாம் ஒரு விரல்கூட நுழையாது. படுக்கப்போகும்போதுகூட அந்தச் சந்துதான் ஞாபகத்துக்கு வந்தது.

டயரின் பக்கவாட்டில் ஒரு எண் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். என் காரில் 205/55 R16 என்று இருந்தது. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் உயரம் என்பது. கடைசி எண் நடுவிலிருக்கிற ரிம்மின் குறுக்களவு, இஞ்ச் கணக்கில். ரிம்மைப் பெரிதாக்கினால் டயரை மெலிதாக்க வேண்டும், மொத்த உயரம் மாறக் கூடாது. விஷயம் இவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். நான் இதை ஒரு மாதம் போட்டேன். கணக்கின்படி 225/40 R18 என்று விடை வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் 225 என்பது எனக்கு என்னவோ கொஞ்சம் பயந்த எண்ணாகப் பட்டது. 245 என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் ஒரு கம்பீரம் இருந்தது.

இன்டர்நெட்டில் எனக்கு யோசனை சொன்னவர்கள் எல்லாம் எங்கோ கடல் கடந்து இருந்தவர்கள். தாராளமாகப் போடு, அகலம்தான் அழகு என்று உற்சாகப்படுத்தினார்கள். அவர்கள் ஊரில் ரோட்டில் சோறு போட்டுச் சாப்பிடலாம். எங்கள் ஊர் ரோட்டில் சாப்பாட்டுக்கு வேண்டியதைக் காயப்போடுவார்கள் என்பதை நானும் அவர்களிடம் சொல்லவில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரருக்கு 'முடியாது' என்ற சொல்லே தெரியாது. 245 போடலாமா என்றேன். போட்டுடலாம் சார் என்றார். ரிம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற ரகமாக வேண்டும் என்றேன். அதுதான் சார் அழகே என்றார். உரசாதா என்று கேட்டேன். "உரசாது சார். உரசினா பாத்துக்கலாம் சார்" என்றார். இந்த பதிலில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எல்லாம் மாட்டிய பிறகும் கொஞ்சம் சந்து தெரிந்ததால், ஸ்பிரிங்கைக் குட்டையாக மாற்றிக் காரையும் கீழே இறக்கினோம். பிறகு நான் கம்பெனியில் செய்வதுபோல் அளவுகோலை எடுத்து நான்கு பக்கமும் அளந்தேன். தகரத்துக்கும் டயருக்கும் நடுவே மயிரிழை இடம்தான், ஆனால் நான்கு பக்கமும் ஒரே அளவு. ஆனந்தமாக இருந்தது.

ஒரகடம் பெரிய ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. நான் ஒல்லி, கார் காலி, ரோடு நேர். எங்கள் கம்பெனியில் ஒரு சீட்டைத் தேர்வு செய்வதற்கு முன்னால் அதன்மேல் எடையை ஏற்றி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம். அந்தக் கையெழுத்தைப் போடுகிறவனே நான்தான். சொந்தக் காருக்கு அது தோன்றவில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா அம்சாவின் குழந்தை இலக்கியாவுக்குக் காது குத்துவதற்கு நாள் குறித்தார்கள். அக்காவைத் திருப்புலிவனத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். நிலம் நீச்சு உள்ள பெரிய குடும்பம், நல்ல மனிதர்கள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று நாங்கள் போன வேன் வழியில் நின்றுவிட, பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். "பொண்ணு வூட்டுக்காரங்க வந்து சேர்றதுக்குள்ள கொயந்த எழுந்து நடந்துடும்" என்று அக்காவின் மாமியார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். மறுநாள் போனில் அழுதாள்.

காது குத்துவது அவர்கள் ஊர்க் கோயிலில். குத்துகிறபோது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தோடும் மாமன்தான் கொண்டுபோக வேண்டும். மாமன் வராமல் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார்கள். இலக்கியாவுக்கு இருக்கிற ஒரே மாமன் நான். அக்கா போன் செய்தாள்.

"டேய், இந்த ஒரு தபா நேரத்துக்கு வந்துட்றா. பத்தரைக்குள்ள குத்தியாவணும். இவங்ககிட்ட இன்னொரு பேச்சு என்னால கேக்க முடியாது."

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். என்னிடம் ஒன்று கேட்டுக் கெஞ்சியது அதுவே முதல் தடவை. சரிக்கா என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். நான், ஸ்போர்ட்ஸ் காரில் வருகிறேன், சீர்த்தட்டு மொத்தமும் என் காரிலேயே வரும், உன் மாமியார் வீட்டார் கோயில் வாசல் பெருக்குகிற நேரத்துக்கு அங்கே நிற்பேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். (இந்த வாய் மட்டும் இல்லையென்றால் நான் இன்று எங்கேயோ இருந்திருப்பேன்.)

அன்று காலை அம்மாவும் மற்றவர்களும் வேனில் முன்னால் கிளம்பிவிட்டார்கள். பழத்தட்டு, பலகாரத்தட்டு, பட்டுப்பாவாடை, தேங்காய், அரிசி, வெல்லம், ஒரு பித்தளை அண்டா எல்லாவற்றையும் பின் சீட்டிலும் டிக்கியிலும் அடைத்தேன். அண்டா உள்ளே போகவில்லை. ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு அந்த இடத்தில் அண்டாவை வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியாக எங்கள் சித்தப்பா வந்தார். வேனில் அவருக்கு இரண்டு பேர் இடம் தேவைப்பட்டதால் அம்மா என்னோடு வரச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு வாழைத்தாரையும் வைத்துக்கொண்டார். கார் இன்னும் கொஞ்சம் இறங்கியது. இப்போதுதான் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது.

"இன்னாடா அது?" என்றார் சித்தப்பா.

"ரேஸ் காருன்னா அப்டித்தான் சித்தப்பா சவுண்டு வரும்."

சித்தப்பா நம்பினார். அரை கிலோமீட்டர் போனதும் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. ரேஸ் காரில் இந்த வாடையும் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். நேராகப் போகும்வரை கார் ஒழுங்காகப் போனது, ஸ்டீரிங்கைத் திருப்பினால் அலறியது. காலிக் காரில் நான் அளந்த மயிரிழை இடத்தைச் சித்தப்பாவும் அண்டாவும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டார்கள் என்பது எனக்கு உத்திரமேரூர் ரோட்டில் ஏறிய பிறகுதான் விளங்கியது. அதற்குப் பிறகு வளைவு வந்தால் எனக்கு வேர்த்தது.

திருப்புலிவனத்தில் அக்கா ஊருக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு திருப்பம். என் கார் பாதி திரும்பி, வலது முன் சக்கரம் தகரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. பின்னால் எடுத்தேன், முன்னால் எடுத்தேன், மறுபடி பின்னால் எடுத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். சித்தப்பா தலையைக் குனிந்து வாழைத்தாருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஒருவழியாகத் திரும்பி உள்ரோட்டில் விழுந்தபோது மணி பத்தாகப் போகிறது. கோயில் வேப்பமரம் வயலுக்கு அப்பால் தெரிந்தது, மேளச் சத்தமும் கேட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நடு ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இது சகஜம். அறுத்துக் காயவைத்த செடியை ரோட்டில் போட்டால் போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும், பிறகு தூற்றி அள்ளிக்கொள்ளலாம். பஸ்ஸும் டிராக்டரும் அதன்மேல் சாதாரணமாகப் போய்விடும். நானும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ வண்டியில் அப்படிப் போயிருக்கிறேன். ஆனால் அந்த வண்டிகளுக்கெல்லாம் வயிறு தரையிலிருந்து தள்ளி இருந்தது. என் கார் முறம் போல மூக்கால் செடியை வாரிக்கொண்டே போய், வாரியதன்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். கார் நகரவில்லை. என் 245 மட்டும் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி உளுந்தை உடைத்தது.

ரோட்டோரம் நின்றிருந்த மூன்று பெண்கள் ஓடிவந்தார்கள். திட்டப்போகிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றப் பார்த்தேன். அவர்களில் மூத்தவர் குனிந்து சக்கரத்தடியைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"தம்பி, டிராக்டரு கூட இம்மாம் சுத்தமா ஒடைக்காது. அப்டியே பின்னால போய் இன்னொரு தபா வா கண்ணு."

அந்தச் சக்கரத்தை வாங்கியதிலிருந்து அதைப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான். எனக்கும் வேறு வழியில்லை. அவர்கள் மூக்கடியில் இருந்த செடியைக் கொஞ்சம் இழுத்துவிட, நான் பின்னால் போய், வேகமாக வந்தால் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டு (கணக்கு என்றால் நான்தானே) ஓங்கி மிதித்தேன். ஏற்கெனவே தகரம் அறுத்து வைத்திருந்த வலது முன் டயர் பட்டென்று போயிற்று. கார் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வரப்போடு ஒட்டிச் சாய்ந்து நின்றது. என் பக்கத்துக் கதவு வரப்பில் அழுந்தி, ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. சித்தப்பா பக்கம் கதவு திறந்தது, சித்தப்பாதான் வரவில்லை. அவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து, அதுவும் சாய்ந்த காரிலிருந்து, அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்டெப்னி எங்கள் வீட்டில் பத்திரமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து, பக்கத்தில்தான் இருக்கிறேன், வண்டி நின்றுவிட்டது என்றேன். மேளச் சத்தம் மட்டும் போனிலும் காதிலும் ஒருசேரக் கேட்டது. தொட்டில் போட்ட அன்று அவள் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. காரைத் தூக்கிச் செய்யாற்றில் போட்டுவிடலாம்போல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் தயாளன் மாமா என்னை அழைத்துப்போக பைக்கில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். வரப்பின்மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாக என்னைக் கீழே பார்த்தார்.

"எறங்கலியா மச்சான்?"

"கதவு தெறக்கல மாமா, ஜன்னல்ல பூந்து வரவும் எடமில்ல. சித்தப்பா எறங்கினாத்தான் நான் எறங்க முடியும்."

சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா வாழைத்தாரோடு கும்பிட்டார். மாமா வாட்சைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு இரண்டே வார்த்தையில் நிலைமையைச் சொன்னார். அக்கா போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"அவன அங்கியே குந்த சொல்லு. நாங்க வர்றோம்."

முதலில் நாதஸ்வரமும் மேளமும் வயல் வரப்பில் வரிசையாக வந்தன. பின்னால் அக்காவின் மாமியார், அவருக்குப் பின்னால் என் அம்மா, பிறகு சொந்தபந்தம் மொத்தமும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய இலக்கியாவைத் தூக்கிக்கொண்டு அக்கா வேகமாக வந்தாள். காது குத்துகிற பத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊசிப்பெட்டியோடு வந்தார். மாமன்தான் மேளதாளத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் கோயில்தான் மேளதாளத்தோடு மாமனிடம் வந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன், கார் பாதி போயிருந்தது.

உளுந்துக்காரப் பெண்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சித்தப்பாவை வெளியே இழுத்துப்போட்டார்கள். இனி நான் ஏறித் தாண்டி இறங்க நேரமில்லை, கிழக்கு பார்த்து உட்கார்ந்திருந்தால் போதும் என்றார் பத்தர். கார் கிழக்கு பார்த்துத்தான் நின்றிருந்தது. அன்றைக்கு அது செய்த ஒரே நல்ல காரியம். குழந்தையை ஜன்னல் வழியாக என் மடிக்கு இறக்கினார்கள். எனக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே அவள் சரியாகப் பொருந்தினாள். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சந்தோஷமாகச் சிரித்தாள். நான் பையிலிருந்து தோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இடது காதைப் பத்தர் சித்தப்பாவின் சீட்டில் குனிந்து உட்கார்ந்து, கீழேயிருந்து மேலே பார்த்துக் குத்தினார். குழந்தை வீறிட்டு அலறி ஹாரனை அமுக்கியது. மேளக்காரர் பயந்து ஒரு தாளம் தவறவிட்டார். வலது காதுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை எட்டாததால் பத்தர் சுற்றிவந்து, வரப்பின்மேல் நின்று, ஜன்னல் வழியாகக் கவிழ்ந்து மேலேயிருந்து கீழே குத்தினார். மறுபடி அலறல், மறுபடி ஹாரன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. அது மருமகளுக்காகவா, போன டயருக்காகவா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எல்லோரும் அக்காவின் மாமியார் முகத்தைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"கொற சொல்லக் கூடாது. மாமன் நேரத்துக்கு வந்துட்டான். கோயிலுதான் லேட்டு" என்றார்.

வயல் முழுக்கச் சிரிப்பு. அக்கா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் காரின் மேலேயே சாய்ந்துகொண்டாள். (சாய வசதியான உயரம்.) தொட்டில் அன்று சிரித்த சிரிப்பு இல்லை இது. சின்ன வயதில் நான் கிணற்றடியில் வழுக்கி விழும்போதெல்லாம் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

கார் டிராக்டரில் கட்டி ஊர் திரும்பியது. கடைக்காரரிடம் பழைய சக்கரத்தையே மாட்ட முடியுமா என்று கேட்டேன், மாட்டிடலாம் சார் என்றார். அறுவடை முடிந்ததும் அந்தப் பெண்கள் என் கூலி என்று சொல்லி ஒரு பை உளுந்தை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அதில் வடை சுட்டார். அடுத்த வருஷமே அந்தக் காரை விற்றுவிட்டேன். இப்போது வைத்திருப்பது நாலு பேர் ஏறி இறங்குகிற சாதாரணக் கார். கம்பெனி கொடுத்த டயர் என்ன அளவு என்று நான் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும் மாற்ற முடியாமல் போயிற்று. இலக்கியாவின் ஒரு காது ஓட்டை மேலே, ஒன்று கீழே. வளர வளர நன்றாகவே தெரிந்தது. இன்று அவள் பள்ளிக்கூடத்தில் பெரிய வாயாடி. போன தீபாவளிக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு நகைக்கடைக்குக் கூட்டிப்போய் ஜிமிக்கி வாங்கிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் ஒரு ஜிமிக்கி கன்னத்தில் ஆடியது, இன்னொன்று கழுத்தைத் தொட்டது. கடைப் பெண் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய ஓட்டையை மூடவிட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து, கோயிலிலேயே என் மடியில் உட்காரவைத்து ஒழுங்காகக் குத்திவிடலாம் என்றேன்.

இலக்கியா கண்ணாடியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"வாணாம் மாமா. நீ கோயிலுக்கு வந்து சேருவன்னு இன்னா நிச்சயம்?"

அக்கா சிரித்தாள், கடைப் பெண்ணும் சிரித்தாள். ஜிமிக்கிக்குக் காசு கொடுக்க வேண்டியவன் நான் என்பதால், நானும் சிரித்துவைத்தேன்.